ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறியவர்கள் கேட்கும் கேள்விகள்

பல வருடங்கள் ரத்தம் எடுக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பிறகு ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்தேன். கவரைப் பிரித்தவர் நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வருவார். தாளில் ஏதோ ஓர் எண்ணின் மேல் விரல் இருக்கும். "இது என்னங்க, கூட இருக்கே?" கேள்வி ஒன்றுதான், எண்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

நான் டாக்டர் இல்லை. என்ன மருந்து, எத்தனை வேளை என்று இங்கே தேடாதீர்கள். அந்த எண் எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் ஏமாற்றும், எந்த இடத்தில் ஏமாற்றாது என்பது கொஞ்சம் தெரியும். ஜன்னலில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஓர் எண் தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. நோய் என்று அர்த்தமா?

தடித்த எழுத்தைப் போட்டது கம்ப்யூட்டர். அதற்கு உங்கள் வயது தெரிந்திருக்கலாம். போன வாரம் காய்ச்சலில் கிடந்தீர்கள் என்பது தெரியாது.

எண்ணுக்குப் பக்கத்தில் 'இயல்பு அளவு' என்று ஒரு வரம்பு அச்சாகியிருக்கும். பெரும்பாலான பரிசோதனைகளில் அது இப்படித்தான் வருகிறது: ஆரோக்கியமாக இருக்கும் நிறையப் பேரின் ரத்தத்தைச் சோதித்து, கிடைத்த எண்களை வரிசையாக அடுக்கி, அடியில் இரண்டரை சதவீதத்தையும் மேலே இரண்டரை சதவீதத்தையும் வெட்டிவிடுவார்கள். நடுவில் மிஞ்சும் 95 சதவீதம்தான் இயல்பு அளவு. வெட்டுப்பட்ட 5 சதவீதம் பேரும் நல்ல உடம்புக்காரர்கள்தான், அதை மறந்துவிடுகிறோம்.

ஆக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் செய்துகொண்டால், ஒரு குறையும் இல்லாத ஆளுக்கும் ஏதாவது ஒன்றாவது வரம்புக்கு வெளியே விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. (கணக்குப் பிரியர்கள் 0.95-ஐ 20 முறை பெருக்கி, 1-இலிருந்து கழித்துப் பாருங்கள்.) அறுபது எழுபது வரி நீளும் ரிப்போர்ட்டில் ஒன்றுகூடத் தடித்து வரவில்லை என்றால்தான் நான் திரும்பப் பார்ப்பேன்.

கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் இந்தக் கணக்கில் வராது. எந்த அளவைத் தாண்டினால் இதயத்துக்கும் கண்ணுக்கும் ஆபத்து கூடுகிறது என்று பார்த்து வைத்த எல்லைகள் அவை.

அப்படியானால் எவ்வளவு தாண்டினால் கவலைப்படலாம்?

பரிசோதனைக்குப் பரிசோதனை மாறும். கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடிக்கு மேல் எல்லை 40 என்று போட்டிருந்து உங்களுக்கு 48 வந்தால், பெரும்பாலும் டாக்டர் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்பார். அதே நொதி 800 என்றால் அன்றே பார்க்க வேண்டிய விஷயம். சோடியம் அப்படியில்லை. 135-க்கும் 145-க்கும் இடையில் உடம்பு அதை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. திடீரென்று 120 ஆனால் ஆள் குழம்பிப் போவார், வலிப்புகூட வரலாம்.

வெளியே பலருக்குத் தெரியாத ஒன்று: உயிருக்கு ஆபத்தான எண்கள் என்று முறையாக நடக்கும் லேப்களில் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒன்று வந்துவிட்டால், நீங்கள் சாவகாசமாக வந்து கவரை வாங்கட்டும் என்று காத்திருக்க மாட்டோம். எழுதிக் கொடுத்த டாக்டருக்கு உடனே போன் போகும். அவர் கிடைக்காவிட்டால் உங்களுக்கே வரும். யாரும் கூப்பிடவில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம். டாக்டரைப் பார்க்காமல் விடுவதற்குச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே வாரத்தில் இரண்டு லேபில் எடுத்தேன். இரண்டு விதமாக வந்திருக்கிறது. எது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். முதலில் அலகைப் பாருங்கள். சர்க்கரையை ஓர் இடத்தில் மில்லிகிராமிலும் இன்னோர் இடத்தில் மில்லிமோலிலும் போடுவார்கள், 5.5 மில்லிமோல் என்பதை 18-ஆல் பெருக்கினால் 99 மில்லிகிராம். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 1 மில்லிகிராம் என்றால் மற்ற அலகில் 88 மைக்ரோமோல். சிறுநீரகம் போய்விட்டது என்று அழுதுகொண்டு வந்த ஒருவருக்கு அலகைக் காட்டித்தான் தண்ணீர் கொடுத்தோம்.

அலகு ஒன்றாக இருந்தால் அடுத்து நேரம். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் இரவில் ஏறி பகலில் இறங்கும். கார்டிசால் என்ற ஹார்மோன் காலையில் உச்சம். அதோடு ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு முறையில் அளக்கிறது. தொடர்ந்து கவனிக்க வேண்டிய அளவாக இருந்தால் ஒரே லேபில், ஒரே நேரத்தில் எடுங்கள்.

பொட்டாசியம் ரொம்ப அதிகம் என்கிறார்கள். எனக்கோ ஒன்றுமே தெரியவில்லையே?

ரத்தம் எடுத்த விதத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். பொட்டாசியம் முக்கால்வாசிக்கு மேல் செல்லுக்குள்ளேதான் இருக்கிறது. வெளியே இருப்பதைவிட உள்ளே 30 மடங்குக்கும் மேல். சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தாலே உள்ளிருப்பது சீரத்தில் (அணுக்கள் நீங்கிய ரத்த நீரில்) கொட்டி, எண் எகிறிவிடும். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் உடையும். ட்யூபைப் போட்டுக் குலுக்கினால் உடையும். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, "கையை மூடித் திறங்க, மூடித் திறங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் தசையிலிருந்தே பொட்டாசியம் கசியும். எடுத்த ரத்தம் அணுக்களைப் பிரிக்கும் இயந்திரத்தில் சுற்றப்படாமல் பல மணி நேரம் கிடந்தாலும் ஏறும்.

எனக்கே நடந்தது. என் சொந்த ரத்தத்தில் 6.3 வந்தது, மேல் எல்லை ஏறக்குறைய 5. என் கையில் ஊசி போட்டவர் புதிது, நரம்பு கிடைக்காமல் நாலு நிமிடம் தேடினார், நான் அவருக்கு உதவுவதாக நினைத்துக் கையை மூடி மூடித் திறந்தேன். ஊருக்கெல்லாம் வேண்டாம் என்று சொல்கிற அதே வேலை! பட்டை கட்டாமல் மறுபடி எடுத்ததில் 4.4.

இன்னொரு வினோதமும் உண்டு. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்க ஓர் உப்பு தடவியிருக்கும். பெரும்பாலும் பொட்டாசியம் உப்பு, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளது. அதிலிருந்து கொஞ்சம் வேறு ட்யூபில் கலந்துவிட்டால் பொட்டாசியம் வானத்தில், கால்சியம் பாதாளத்தில். இரண்டும் சேர்ந்து வந்தால் லேப்காரர்கள் நோயாளியைச் சந்தேகிக்கும் முன் ட்யூபைச் சந்தேகிப்பார்கள்.

ஆனாலும் "லேப் தப்பு" என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். உண்மையாகவே பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு குலையும், முன்னறிவிப்பு இல்லாமல். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் அன்றே மறுபடி எடுக்க வேண்டும். கூடவே ஓர் ஈசிஜி.

பிளேட்லெட் 40,000 என்று வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, எங்கும் ரத்தக் கசிவும் இல்லை.

மறுபடியும் அந்த ஊதா மூடிதான். ஆயிரத்தில் ஒருவருக்கு, அந்த உப்பு பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாகிவிடும். எண்ணும் இயந்திரம் கொத்தை ஒரு பிளேட்லெட் என்று எண்ணாது. உடம்புக்குள் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும், ட்யூபுக்குள் மட்டும் குறையும். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொத்துகள் தெரிந்துவிடும்; நீல மூடி ட்யூபில் எடுத்தால் பெரும்பாலும் சரியான எண் கிடைக்கும். உங்களுக்கு அப்படி ஒட்டும் குணம் இருப்பது தெரிந்துவிட்டால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இரவு இதே எண்ணைப் பார்த்து எல்லோரும் ஓட வேண்டியிருக்காது.

தோலில் சிவப்புப் புள்ளிகள், ஈறில் ரத்தம், காய்ச்சல் இவற்றோடு எண் குறைந்தால் கதை வேறு. உடனே போங்கள்.

பிலிருபின் 2.1. மற்ற கல்லீரல் எண்கள் எல்லாம் சரி. மஞ்சள் காமாலையா?

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, 1901-இல் ஒரு பிரெஞ்சு மருத்துவர் விவரித்தது: கில்பர்ட் நிலை. பழைய சிவப்பணுக்கள் உடைந்து வரும் மஞ்சள் பொருளான பிலிருபினைக் கையாளும் நொதி கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், அவ்வளவே. நூறு பேரில் மூன்று முதல் பத்துப் பேருக்கு இது பிறவியிலேயே இருக்கிறது. பட்டினி, காய்ச்சல், தூக்கமின்மை, கடும் உழைப்பு வந்தால் எண் ஏறும், கண் லேசாக மஞ்சளடிக்கும், பிறகு இறங்கும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டுமென்று முந்தின நாள் மதியத்திலிருந்தே சாப்பிடாமல் வருபவர்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். நேரடிப் பிலிருபின் சாதாரணம், நொதிகள் சாதாரணம், ஹீமோகுளோபின் சாதாரணம் என்று டாக்டர் உறுதி செய்துவிட்டால் இதற்கு மருந்தும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம்.

ஜிம்முக்குப் போகிறேன். எஸ்ஜிஓடி, கிரியேட்டினின் இரண்டும் கூட வந்திருக்கிறது.

எஸ்ஜிஓடி என்ற நொதி கல்லீரலில் மட்டும் இருப்பதில்லை, தசையிலும் இருக்கிறது. எடை தூக்கிய மறுநாள் ரத்தம் கொடுத்தால் தசை பேசும், கல்லீரல் மேல் பழி விழும். சிகே என்ற தசை நொதியையும் சேர்த்துப் பார்த்தால் யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும். கிரியேட்டினினும் தசையின் கழிவுதான். உடம்பு முறுக்கேறியவர்களுக்கு இயல்பாகவே கொஞ்சம் கூடுதல், கிரியேட்டின் பவுடர் சாப்பிடுபவர்களுக்கு இன்னும். சந்தேகம் தீரவில்லையென்றால் தசையைச் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை இருக்கிறது. சாதாரணமாக ஒரு வாரம் கனமான பயிற்சி இல்லாமல் இருந்துவிட்டு மறுபடி எடுத்தாலே பாதிப் பேருடைய கவலை போய்விடும். உடற்பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

தைராய்டு திடீரென்று தாறுமாறாகிவிட்டது. மருந்து எதையும் மாற்றவில்லை.

முடிக்கு என்று ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பலர் இதை மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முடி, நகம், தோல் என்று விற்கப்படும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது வெறும் 30 மைக்ரோகிராம். மிச்சம் ரத்தத்தில் சுற்றும். சிக்கல் என்னவென்றால், பல லேப் இயந்திரங்கள் ஹார்மோனைப் பிடிக்கும் தூண்டிலாகப் பயோட்டினையே பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது நிரம்பியிருந்தால் தூண்டில் குழம்பி, டிஎஸ்எச் குறைவாகவும் தைராய்டு சுரக்கும் டி4 அதிகமாகவும் காட்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பது போலவே இருக்கும்.

தைராய்டோடு நிற்கவில்லை. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனினையும் இது பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. ரத்தம் கொடுக்க இரண்டு நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். அவசரத்தில் போனால் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை சரி, மூன்று மாதச் சராசரி மட்டும் கூட. எதை நம்புவது?

எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணு 120 நாள் வாழும் என்பது அதன் அடிப்படை. அந்த ஆயுள் மாறினால் கணக்கும் கெடும். இரும்புச்சத்துக் குறைவில் எண் பொய்யாக ஏறலாம். ரத்தம் ஏற்றிக்கொண்டவர், ரத்தம் நிறைய இழந்தவர், சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய் உள்ளவர் ஆகியோருக்குப் பொய்யாக இறங்கும். பரம்பரை ஹீமோகுளோபின் மாற்றங்களும் குழப்பும். ஆகவே உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

ரத்தசோகை எதுவும் இல்லையென்றால் எண்ணை மதிக்க வேண்டும். 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கைக் கட்டம், 6.5 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து அந்தப் பெயரைச் சூட்டுவதில்லை, இன்னொன்றும் ஒத்துப்போக வேண்டும். வெறும் வயிற்றில் நன்றாக இருந்து சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிறவர்களும் நிறைய. அவர்களைக் காட்டிக் கொடுப்பது இந்த எண்தான். இங்கே "லேப் தப்பு" என்ற ஆறுதல் பெரும்பாலும் எடுபடாது.

வெறும் வயிறு என்றால் எத்தனை மணி நேரம்? தண்ணீர்கூடக் கூடாதா?

எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்தால் நரம்பும் நன்றாகக் கிடைக்கும். அன்றாட மாத்திரைகளைப் பற்றி முன்னாடியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரு பயங்கரமான நோய்க்கு முதல்கட்டப் பரிசோதனை 'பாசிட்டிவ்'. பரிசோதனை 90 சதவீதம் சரியானதாம். அப்படியானால் எனக்கு 90 சதவீதம் நோய்தானே?

இல்லை. படித்தவர்களும் வழுக்கி விழும் இடம் இது, மருத்துவம் படித்தவர்கள் உட்பட. ஆட்களை வைத்தே எண்ணிப் பார்ப்போம். ஆயிரம் பேர். நூற்றில் ஒருவருக்கு அந்த நோய் இருப்பதாக வைத்துக்கொண்டால், பத்துப் பேருக்கு உண்டு. பரிசோதனை அதில் ஒன்பது பேரைப் பிடித்துவிடுகிறது. மீதி 990 பேருக்கு நோய் இல்லை. ஆனால் நூற்றுக்கு ஒன்பது பேரை அது தவறாகப் பிடிக்கும் என்றால், அவர்களில் 89 பேருக்கும் பாசிட்டிவ் வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே இப்போது 98 பேர் ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உண்மையில் நோய் இருப்பது அதில் ஒன்பது பேருக்கு. பத்தில் ஒருவர்கூட இல்லை.

அறிகுறி இருந்து, டாக்டர் சந்தேகப்பட்டு எழுதிய பரிசோதனையாக இருந்தால் கணக்கு தலைகீழாகும். நோய் இருக்க வாய்ப்புள்ள கூட்டத்திலிருந்துதான் அப்போது ஆளை எடுக்கிறோம். ஒரே இயந்திரம், ஒரே எண், இருவருக்கு இரண்டு அர்த்தம். அதனால்தான் யார் எதைப் பார்த்து எழுதிக் கொடுத்தது என்று ஜன்னலில் கேட்டுக்கொண்டே இருப்பேன். முதல்கட்டப் பரிசோதனை வலை வீசுவது மட்டுமே. எச்ஐவி போன்றவற்றில் உறுதிப்படுத்தும் இரண்டாவது பரிசோதனை இல்லாமல் யாரிடமும் முடிவைச் சொல்லக் கூடாது என்பது விதி.

எதற்கும் இருக்கட்டும் என்று முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். புற்றுநோய்க் குறியீடு ஒன்று கூட வந்திருக்கிறது.

'எதற்கும் இருக்கட்டும்' என்பதுதான் என் தொழிலில் அதிகம் விற்கும் சரக்கு. எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ-125 மாதவிடாய் நாட்களில் ஏறும், கருப்பையில் நார்க்கட்டி இருந்தால் ஏறும். பெருங்குடல் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஇஏ புகை பிடிப்பவர்களுக்குச் சாதாரணமாகவே கொஞ்சம் அதிகம். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ சிறுநீர்த் தொற்றில் ஏறும், உடலுறவுக்கு மறுநாளும் ஏறலாம். புற்றுநோய்க் குறியீடு அல்லாத, மூட்டுவலிக்காரர்களுக்கு எழுதும் ஏஎன்ஏ என்ற பரிசோதனையும் அப்படியே, ரத்த நீரை 1:40 என்று நீர்க்கச் செய்து பார்த்தால் ஆரோக்கியமானவர்களிலேயே ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ். இவற்றில் பல, நோய் உறுதியானபின் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உருவானவை. தெருவில் போகிறவருக்கு நோய் இருக்கிறதா என்று துருவ இவை உதவாது.

தென் கொரியாவின் கதையைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். 1999-இல் அங்கே அரசாங்கப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் கூடவே கழுத்தையும் ஸ்கேன் செய்துகொள்வது பழக்கமாகிவிட்டது. 2011-இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-ஐவிடப் பதினைந்து மடங்கு. அந்தப் புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதம்? அசையவே இல்லை. வாழ்நாள் முழுவதும் சும்மா கிடந்திருக்கும் சின்னஞ்சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் தைராய்டை இழந்தார்கள்.

மார்பகம், கருப்பை வாய், பெருங்குடல் ஆகியவற்றுக்கு உரிய வயதில் செய்யும் பரிசோதனைகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை உயிரைக் காப்பாற்றியதற்குச் சான்று உண்டு.

முதுகு எம்ஆர்ஐயில் 'டிஸ்க் விலகல்', 'தேய்மானம்' என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள்.

முதுகு வலியே இல்லாதவர்களைப் படுக்க வைத்து எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள், 2015-இல். இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம். எண்பது வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் இருபதில் 30, எண்பதில் 84. முடி நரைப்பது மாதிரிதான் இது, உள்ளே நரைப்பதால் கண்ணாடியில் தெரிவதில்லை. ரிப்போர்ட் எழுதுபவர் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியாக வேண்டும். வலிக்கும் இடமும் படத்தில் உள்ள இடமும் ஒத்துப்போகிறதா என்று டாக்டர் கை வைத்துப் பார்த்துச் சொல்வதுதான் முக்கியம்.

சிறுநீரகத்தில் 'எளிய நீர்க்கட்டி', கல்லீரலில் 'ஹிமாஞ்சியோமா' எனும் ரத்தக்குழாய்க் கட்டி போன்றவையும் இந்த வகை. நுரையீரலில் 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒற்றைப் புள்ளிக்கு, புகை பிடிக்காத, வேறு ஆபத்துக் காரணம் இல்லாத ஆளாக இருந்தால், தொடர் ஸ்கேன்கூட வழக்கமாகத் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் பிபி 160, வீட்டில் 125.

வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஏறுகிறவர்கள் நிறைய. ஆனால் எடுத்த முறையையும் பாருங்கள்: படியேறி வந்த மூச்சோடு, முட்டும் சிறுநீரோடு, பேசிக்கொண்டே, பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றி எடுத்தால் யாருக்கும் கூடும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் மேசை மேல் வைத்து, வாயை மூடிக்கொண்டு எடுங்கள். ஒரு வாரம் காலை மாலை எழுதுங்கள். வீட்டு எண்ணுக்கு எல்லை 135/85. ஆஸ்பத்திரியில் சரியாகவும் வீட்டில் அதிகமாகவும் இருப்பவர்களும் உண்டு. அவர்களை யாரும் கண்டுபிடிப்பதில்லை என்பதால் அதுதான் மோசம்.

ஈசிஜி தாளில் இயந்திரமே 'அசாதாரணம்' என்று அச்சடித்திருக்கிறது.

இயந்திரம் எச்சரிக்கையான ஆள், மூச்சோடு சேர்ந்து துடிப்பு ஏறி இறங்கினாலே எழுதிவிடும். கம்பிகளை மாற்றி ஒட்டினாலும் எழுதும். மருத்துவர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்டதை மட்டும் படியுங்கள்.

உடம்பில் இதுவரை இல்லாத ஒன்று தட்டுப்படுகிறது. நெஞ்செலும்பின் அடியில் கெட்டியாக ஒரு முனை.

பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருக்கிறது. நெஞ்செலும்பின் வால் அது. எடை குறைந்தவர்கள் ஒருநாள் சோப்புப் போடும்போது கண்டுபிடித்து நடுங்கிப்போவார்கள். நாக்கின் அடிப்பகுதியில் வரிசையாக இருக்கும் பெரிய மொட்டுகளும் அப்படியே. டார்ச் அடித்துப் பார்க்காதவரை யாருக்கும் தொல்லையில்லை. மேலண்ணத்தின் நடுவில் எலும்பு மேடு சிலருக்கு உண்டு. நகத்தில் வெள்ளைப் புள்ளி கால்சியக் குறைவால் வருவதில்லை, எப்போதோ எங்கேயோ இடித்துக்கொண்டது. இமை துடிப்பதற்குத் தூக்கமின்மையும் காபியும் போதும். தூக்கம் பிடிக்கும் நேரத்தில் பள்ளத்தில் விழுவது போலத் தூக்கிப்போடுவது எல்லோருக்கும் நடக்கும்.

விரலைச் சொடுக்கினால் மூட்டு தேயுமா என்றும் கேட்கிறார்கள். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 50 வருடத்துக்கு மேல் இடது கையை மட்டும் சொடுக்கி, வலது கையை விட்டு வைத்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் வரவில்லை. 2009-இல் அதற்கு, சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒரே ஓர் ஆளின் கைகள்தான், ஆனாலும் அந்தப் பொறுமைக்கே கொடுக்கலாம்.

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. தினமும் தொட்டுப் பார்க்கிறேன், பெரிதாவது போலிருக்கிறது.

அழுத்திப் பார்க்கப் பார்க்க அது வீங்கத்தான் செய்யும், வலிக்கவும் செய்யும். பட்டாணியைவிடச் சிறியதாக, ரப்பர் போல நழுவினால், பெரும்பாலும் பழைய தொண்டைப் புண்ணின் மிச்சம். மூன்று நான்கு வாரம் கையை எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னும் வளர்ந்தால், கல் போல ஒட்டிக்கொண்டிருந்தால், இரவில் சட்டை நனைய வியர்த்தால் காட்டுங்கள். கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழியில் தட்டுப்பட்டால் காத்திருக்கவே வேண்டாம்.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ஆனால் எனக்கு உடம்பு சரியில்லை. யாரும் நம்புவதில்லை.

நான் நம்புகிறேன். நார்மல் என்றால், தேடிய இடத்தில், தேடிய நேரத்தில் கிடைக்கவில்லை என்பது மட்டுமே. நெஞ்சு வலி தொடங்கிய அரை மணியில் எடுத்த ட்ரோபோனின் சரியாகவே வரலாம்; மாரடைப்பில் அது ஏறச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் உட்கார வைத்து மறுபடி எடுக்கிறார்கள், பணம் பிடுங்க இல்லை. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். ஃபெரிட்டின் பார்த்தால்தான் தெரியும். களைப்புக்குப் பரிசோதனையில் அகப்படாத காரணங்களும் பல: குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள். "எல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்பினால், "அப்படியானால் அடுத்து எதை யோசிக்கலாம், டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அப்படியானால் எதைத் தட்டிக் கழிக்கக் கூடாது?

வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போய், மறுநாள் தானாகச் சரியானாலும் காட்ட வேண்டும். தானாகச் சரியாவதுதான் ஏமாற்றும். ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புக் குறைவு ரத்தசோகை வந்தால், டானிக் குடித்து எண் ஏறியதோடு விடக் கூடாது. குடலில் எங்காவது மெல்லக் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். ஜன்னலில் இருந்து நான் பார்த்ததில் மிகவும் வருத்தப்பட்டவை இந்த வகைதான். பக்கத்து வரியில் விளிம்பில் நின்ற யூரிக் அமிலத்துக்காக மூன்று டாக்டரைப் பார்த்திருப்பார்கள். 9 என்றிருந்த ஹீமோகுளோபினை "எப்போதும் இப்படித்தான்" என்று விட்டிருப்பார்கள்.

முயற்சி இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் இருபதில் ஒரு பங்கு எடை போவதும் அப்படியே. வாய் கோணல், ஒரு கை தளர்வு, பேச்சு குழறல், இடி விழுந்தது போன்ற தலைவலி, நெஞ்சில் பாரம், கண்ணில் மின்னலோடு திரை இறங்குவது: இவற்றுக்கு லேப் வேண்டாம், வண்டி வேண்டும்.

இரவில் போனில் தேடித் தேடித் தூக்கமே போய்விட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தேடுபொறிக்கு உங்கள் வயது தெரியாது. அரிதானதையும் அன்றாடமானதையும் ஒரே எழுத்தளவில் காட்டும். மருத்துவ மாணவர்கள்கூடப் படிக்கும் நோயெல்லாம் தங்களுக்கு இருப்பதாக நம்புவார்கள். தேடாதே என்று சொல்லிப் பயனில்லை, நானும் தேடுவேன். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் படுங்கள். நான்கு எழுதலாம்: எதைச் சந்தேகித்து இந்தப் பரிசோதனை எழுதினீர்கள், இந்த எண் அந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா, மறுபடி எப்போது எடுப்பது, அதற்குள் என்ன நடந்தால் ஓடி வர வேண்டும். பதில் கிடைத்தபின்னும் மாதக்கணக்கில் பயம் விடவில்லை, ஒன்று மாற்றி ஒன்று பரிசோதனை செய்துகொண்டே இருக்கிறீர்கள் என்றால், அதற்கும் சிகிச்சை உண்டு. அந்தப் பயத்தையும் டாக்டரிடம் ஒரு தொந்தரவாகவே சொல்லுங்கள்.

மறுபடி எடுப்பதாக இருந்தால் எத்தனை நாள் கழித்து?

பொட்டாசியம் அன்றே. கல்லீரல் நொதி லேசாகக் கூடியிருந்தால் சில வாரம். டிஎஸ்எச் ஆறு முதல் பன்னிரண்டு வாரம். அதற்கு முன் எடுத்தால் மாத்திரையின் பலன் தெரியாது. எச்பிஏ1சியைச் சிகிச்சை தொடங்கிய ஒரே மாதத்தில் எடுத்துவிட்டு இறங்கவில்லையே என்று வருந்தாதீர்கள், பழைய சிவப்பணுக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். காய்ச்சலின்போது எதையும் எடுக்காமல் இருக்க முடிந்தால் நல்லது.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். வெள்ளையணு 3,600 என்று பார்த்தால் டாக்டர் நெற்றியைச் சுருக்குவார். பத்து வருடமாக அதே 3,600-தான் என்று பழைய தாளைக் காட்டினால் அந்தச் சுருக்கம் போய்விடும். ஹீமோகுளோபின் 15-லிருந்து 12.8-க்கு இறங்கியிருப்பதும் பழைய தாள் இருந்தால்தான் தெரியும். ஈசிஜியை மட்டும் அப்படியே கோப்பில் வைத்து நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது வெப்பத்தாளில் வருவது, சில வருடத்தில் கோடுகள் மங்கி வெறும் தாளாகிவிடும். வீட்டுக்கு வந்த அன்றே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.